கேபின் வாடகையா, சொந்த ஆர்.வி.யா? அமெரிக்காவில் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒன்றிரண்டு வருடம் கேம்பிங் போய்ப் பழகிய குடும்பங்களில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும்: "ஒவ்வொரு தடவையும் கேபினுக்குக் கொட்டிக் கொடுக்கிறதுக்கு நாமே ஒரு ஆர்.வி. வாங்கிடலாமே?" ஆர்.வி. என்றால் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள பயண வண்டி. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. விற்பனை நிலையங்கள், கடன் படிவங்கள், எடைக் கணக்கு, குடியிருப்புச் சங்க விதிகள் என்று மாதக்கணக்கில் அலைந்தோம். தகவலுக்குப் பஞ்சமில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று வரிசைப்படுத்திச் சொல்லத்தான் ஆளில்லை. அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை. முக்கியமாக ஒன்று: கீழே உள்ள முதல் மூன்று படிகளை முடிக்காமல் எந்த ஆர்.வி. விற்பனை நிலையத்துக்குள்ளும் காலை வைக்காதீர்கள். உள்ளே ஏறி அந்தக் குட்டி அடுப்பையும் அடுக்குக் கட்டிலையும் பார்த்துவிட்டால் பிள்ளைகள் இறங்க மாட்டார்கள். அதன்பிறகு கணக்கு போட மனம் வராது.

1. முதலில் இரவுகளை எண்ணுங்கள்

கடந்த 12 மாத நாள்காட்டியை எடுத்து, கேம்ப்கிரவுண்டில் தங்கிய இரவுகளை எண்ணுங்கள். "வண்டி இருந்தால் இன்னும் அதிகம் போவோம்" என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டி வந்ததால் அலுவலகம் கூடுதல் விடுப்பு தரப்போவதில்லை.

நம் குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு கழிவு உண்டு. ஊருக்குப் போகிற வருடத்தில் விடுப்பு முழுக்க அதற்கே போய்விடும். அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்து தங்கும் மாதங்களில் பயணம் வேறு மாதிரி ஆகும்: முழங்கால் வலியோடு ட்ரெய்லர் படி ஏறுவதும், ராத்திரி அந்தச் சின்னக் கழிப்பறைக்குள் திரும்புவதும் அவர்களுக்குச் சிரமம். அந்தப் பயணங்களை, குளியலறை உள்ள கேபின் கணக்கிலேயே வையுங்கள்.

மிச்சம் வருடத்துக்கு 15 இரவுக்குக் கீழே என்றால், 2, 3 படிகளை மட்டும் படித்தால் போதும். அதற்கு மேல் என்றால் முழுதும் படியுங்கள்.

2. கேபின் என்றால் எந்தக் கேபின்?

ஒரே பெயரில் வெவ்வேறு பொருட்கள் விற்கிறார்கள். கேஓஏ போன்ற தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் சாதா கேம்பிங் கேபின் என்பது மெத்தையும் மின்சாரமும் உள்ள ஒரு மர அறை. கழிப்பறை வெளியே, பொதுவானது. படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை நீங்கள் கொண்டு போக வேண்டும். சமையல் வெளியே, கிரில் மேலோ உங்கள் ஸ்டவ்விலோதான். டீலக்ஸ் கேபின் என்றால் உள்ளேயே குளியலறை உண்டு. பலவற்றில் சின்னச் சமையலறையும் இருக்கும். சாதா கேபின் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 80 முதல் 120 டாலர், டீலக்ஸ் 150 முதல் 250 டாலர் என்று மனதில் வையுங்கள். பெரிய தேசியப் பூங்கா அருகே கோடையில் இதைத் தாண்டும்.

மாநிலப் பூங்காக்களின் கேபின்கள் பல இடங்களில் இதைவிட மலிவு, இடமும் அழகு. ஓரிகன் மாநிலப் பூங்காக்களில் யர்ட் என்ற வட்டக் கூடாரங்கள் வாடகைக்கு உண்டு; மழைக்காலத்தில் அருமையான தேர்வு. வனத்துறையின் பழைய காவல் குடில்களையும் தீக்கண்காணிப்புக் கோபுரங்களையும்கூட வாடகைக்கு விடுகிறார்கள். அவற்றில் பலவற்றில் தண்ணீரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கைக்குழந்தையோடு முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

பதிவு செய்யும்முன் பக்கத்தில் ஐந்தைத் தேடிப் படியுங்கள்: கழிப்பறை உள்ளேயா வெளியேயா, விரிப்பு தருவார்களா, உள்ளே சமைக்கலாமா, எத்தனை பேர் வரம்பு, கூடுதல் காருக்குக் கட்டணம் உண்டா. ஆள் வரம்பில் பல இடங்களில் கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். விறகு வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள்; மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்வதால் பல மாநிலங்கள் தடுக்கின்றன. போகும் இடத்தில் வாங்குங்கள்.

3. கேபின் பிடிக்கும் நேரம், ரத்துக் கட்டணம்

கேபினின் உண்மையான தொல்லை விலை இல்லை, இடம் கிடைப்பதுதான். ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற மத்திய அரசின் முன்பதிவுத் தளத்தில் பல இடங்கள் 6 மாதம் முன்னால் திறக்கின்றன, பெரும்பாலும் கிழக்கு நேரப்படி காலை 10 மணிக்கு. கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களுக்கு ரிசர்வ் கலிபோர்னியா தளம்; அங்கும் 6 மாதம், பசிபிக் நேரப்படி காலை 8 மணி. ஜார்ஜியா மாநிலப் பூங்காக்களில் 13 மாதம் முன்பே பதிவு செய்யலாம். போக நினைக்கும் இடத்தின் நாளைத் தெரிந்துகொண்டு நாள்காட்டியில் குறித்துவையுங்கள். கணக்கைத் தொடங்கி, கார்டு விவரத்தை முந்தின நாளே போட்டு வையுங்கள்.

அன்று கிடைக்காவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். ரத்தாகும் இடங்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் அறிவிப்பு கேட்டுவைக்கலாம். ஞாயிறு முதல் வியாழன் வரை எடுத்தால் போட்டி குறைவு.

ரத்து விதியையும் படியுங்கள். அதே தளத்தில் ரத்துக்கு 10 டாலர் கட்டணம். கேபின் என்றால் வருகைக்கு 14 நாளுக்குள் ரத்து செய்தால் முதல் இரவின் வாடகையும் போகும். வராமலே இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவும் போகும். தனியார் இடங்களில் வார இறுதிக்குக் குறைந்தது இரண்டு இரவு, நீண்ட வார இறுதிக்கு மூன்று இரவு என்று கட்டாயம் வைப்பது சாதாரணம்.

பதிவு செய்தவர் பெயரில் உள்ள அடையாள அட்டையை எடுத்துப் போக மறக்காதீர்கள். கணவர் பெயரில் பதிவு, மனைவி மட்டும் பிள்ளைகளோடு முன்னால் போகிறார் என்றால், முன்கூட்டியே அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

4. ஆர்.வி. பக்கம் போகிறீர்களா? உங்கள் காரின் கதவைத் திறந்து பாருங்கள்

ஆர்.வி.யில் இரண்டு குலம். எஞ்சினோடு தானே ஓடுவது மோட்டார்ஹோம்: பேருந்து அளவு கிளாஸ் ஏ, வேன் அளவு கிளாஸ் பி, இடைப்பட்டது கிளாஸ் சி. உங்கள் வண்டி இழுத்துப் போவது ட்ரெய்லர்: மடக்கும் பாப்அப், சாதாரண டிராவல் ட்ரெய்லர், பிக்கப் ட்ரக் முதுகில் பூட்டும் ஃபிஃப்த் வீல். விலை குறைவு என்பதால் நம்மவர்கள் பெரும்பாலும் டிராவல் ட்ரெய்லரில்தான் வந்து நிற்கிறார்கள். அங்கேதான் பெரிய பொறி.

விற்பனையாளர் உங்கள் எஸ்யூவியைப் பார்த்து, "இது 5,000 பவுண்ட் இழுக்கும், இந்த ட்ரெய்லர் 4,000 பவுண்ட்தான், தாராளம்" என்பார். அந்த 4,000 என்பது காலி எடை. தண்ணீர், கேஸ், பேட்டரி, பாத்திரம், துணி, அரிசி மூட்டை எதுவும் அதில் இல்லை. தண்ணீர் மட்டுமே ஒரு கேலனுக்கு 8.3 பவுண்ட், 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். அதனால் காலி எடையை மறந்துவிட்டு, ட்ரெய்லரின் ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் என்று போட்டிருக்கும் உச்ச எடையை வைத்தே கணக்கு போடுங்கள்.

அடுத்தது காரின் பேலோட். ஓட்டுநர் கதவைத் திறந்தால் உட்பக்கச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். ட்ரெய்லரின் முன்முனை உங்கள் ஹிட்ச் (காரின் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் எடையும் இதில் சேர்த்தி. டிராவல் ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வால் ஆடும்.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்டிக்கர் சொல்வது 1,300 பவுண்ட். நான்கு பேர் 500, காருக்குள் சாமான் 150. மீதி 650. ட்ரெய்லர் நிரம்பி 5,000 பவுண்ட் என்றால் அதில் 13 சதவீதம் 650. தீர்ந்தது. ஹிட்ச் கம்பிகளின் எடைக்கே இடமில்லை, பாட்டி தாத்தாவுக்கு எங்கே இருக்கும்? இழுவைத் திறன் சரியாக இருக்கும்போதே பேலோட் தீர்ந்துபோவதுதான் பெரும்பாலான குடும்ப எஸ்யூவிகளின் நிலை. ட்ரெய்லர் வாங்குவதோடு புது ட்ரக்கும் வாங்க வேண்டியிருந்தால், அந்த விலையையும் சேர்த்துத்தான் 6-ஆம் படியில் கணக்கு.

இதோடு, ட்ரெய்லரின் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர், எடையைப் பகிரும் ஹிட்ச் இரண்டும் தேவைப்படும். வாங்கிய பிறகு, சாமான் ஏற்றிய நிலையில் ட்ரக் நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடை மேடையில் ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள், செலவு சொற்பம்.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடும்ப அளவு ஆர்.வி.க்குப் பெரும்பாலும் சாதாரண உரிமமே போதும். ஆனால் கலிபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிராவல் ட்ரெய்லருக்கும் 40 அடிக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்கும் தனி உரிமம் வேண்டும். டெக்ஸஸில் 26,000 பவுண்டைத் தாண்டினால் வேண்டும். கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு 55 மைல். பயண நேரத்தை அதற்கேற்பப் போடுங்கள்.

ஓடும் டிராவல் ட்ரெய்லருக்குள் ஆள் உட்கார்ந்து போவதைப் பெரும்பாலான மாநிலங்கள் தடுக்கின்றன. மோட்டார்ஹோமில் கட்டில் ஆறு இருக்கலாம். சீட் பெல்ட் எத்தனை என்று எண்ணுங்கள். பக்கவாட்டில் பார்க்கும் இருக்கையில் குழந்தையின் கார் சீட்டைப் பொருத்தக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள், கார் சீட்டை எடுத்துப் போய் விற்பனை நிலையத்திலேயே பொருத்திப் பார்ப்பது நல்லது.

5. எங்கே நிறுத்துவீர்கள்?

குடியிருப்புச் சங்கம் உள்ள வீடா? விதிப் புத்தகத்தை எடுங்கள். பல சங்கங்கள் வீட்டு முன்னால் ஆர்.வி. நிறுத்தத் தடை போடுகின்றன. சாமான் ஏற்றி இறக்க 24 அல்லது 48 மணி நேரம் மட்டும் விடுவார்கள். நகராட்சிக்கும் தனி விதி இருக்கும். பதிலை எழுத்தில், மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு ஸ்டோரேஜ் வாடகை கட்டாயச் செலவு. திறந்தவெளி, கூரை மட்டும், மூடிய அறை என்று மூன்று விலை. மாதம் 50 டாலரிலிருந்து 200 டாலருக்கு மேல் வரை போகும். நகரத்துக்கு அருகில் காத்திருப்போர் பட்டியலும் உண்டு. இடம் உறுதியான பிறகு வண்டி பாருங்கள்.

போகும் இடத்திலும் இடம் வேண்டும். கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங் டு தி சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக் கூடாது; காரையும் ட்ரெய்லரையும் சேர்த்து அளப்பார்கள். நியூயார்க் பார்க்வேக்களில் பாலங்கள் தாழ்வு, ஆர்.வி.க்கு அனுமதியில்லை. கேஸ் சிலிண்டரோடு பால்டிமோர் துறைமுகச் சுரங்கத்துக்குள் போக முடியாது. பழைய பூங்காக்களில் பல இடங்கள் 30 அடிக்குக்கூடப் போதாது. வண்டி நீளமாக ஆக, நீங்கள் விரும்பும் இடங்கள் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டே போகும். ஆர்.வி. இருந்தால் இடம் பதிவு செய்யும் தொல்லை தீரும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஹுக்கப் (தண்ணீர், மின்சார இணைப்பு) உள்ள இடங்களுக்கும் அதே 6 மாதம், அதே காலை நேரம், அதே போட்டி.

6. வருடக் கணக்கு

மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் தொகைகளை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

30,000 டாலருக்கு ஒரு புது டிராவல் ட்ரெய்லர். ஐந்து வருடம் கழித்து 17,000-க்கு விற்கிறீர்கள். மதிப்பிழப்பு 13,000, வருடத்துக்கு 2,600. முன்பணம் 10,000 போக மீதி 20,000-க்கு 8 சதவீதத்தில் 10 வருடக் கடன் என்றால், முதல் ஐந்து வருட வட்டியின் சராசரி வருடத்துக்கு 1,300. ஸ்டோரேஜ் 1,200. இன்ஷூரன்ஸ் 500. டயர், பேட்டரி, கூரை சீலன்ட், சில்லறை ரிப்பேர் 800. பதிவுக் கட்டணம் 150. கூட்டினால் 6,550 டாலர். ஓர் இரவுகூடத் தங்காமலே ஆகும் செலவு இது.

தங்கினால் ஹுக்கப் இடத்துக்கு 50 டாலர். அதே இரவு டீலக்ஸ் கேபின் 150 டாலர். அதாவது ஓர் இரவுக்கு மிச்சம் 100. ஆக, 65 இரவுக்கு மேல் போனால்தான் ட்ரெய்லர் லாபம், கூடுதல் பெட்ரோலைச் சேர்க்காமலே. வேலைக்குப் போகிற இருவருக்கு அது நடக்காத எண்ணிக்கை.

இதையே மாற்றிப் போடுங்கள். ஐந்தாறு வருடப் பழைய ட்ரெய்லர் 15,000 டாலர், ரொக்கம். வீட்டுப் பக்கத்தில் நிறுத்த இடம் உண்டு. ஐந்து வருடம் கழித்து 10,000-க்கு விற்பனை. மதிப்பிழப்பு 1,000, இன்ஷூரன்ஸ் 400, ரிப்பேர் 900, பதிவு 150. மொத்தம் 2,450. இப்போது 25 இரவில் சமமாகிவிடும். நீண்ட வார இறுதிகளையும் கோடை விடுமுறையையும் விடாமல் பயன்படுத்துகிற குடும்பத்துக்கு இது எட்டும் தூரம்தான். புதுசா பழசா, கடனா ரொக்கமா, நிறுத்த இடம் உண்டா இல்லையா: கேபினா ஆர்.வி.யா என்ற கேள்வியை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. மோட்டார்ஹோம் என்றால் எல்லா வரியும் பெருகும். கிளாஸ் சி ஒரு கேலனுக்கு 8 முதல் 12 மைல்தான் ஓடும்.

பணத்தைத் தாண்டியும் காரணம் உண்டு, மறுக்கவில்லை. சொந்தச் சமையலறை, தெரிந்த மெத்தை, அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தெரிந்த பாத்திரம். இவற்றுக்காக வருடத்துக்கு ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்றால் அது நியாயமான முடிவு. தொகையைத் தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

7. வாங்குமுன் ஒரு தடவை வாடகைக்கு எடுங்கள்

அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் தனியாரின் வண்டிகள் கிடைக்கும். ஓட்டுநர் வயது பெரும்பாலும் 25 ஆகியிருக்க வேண்டும். இரவு வாடகையைப் பார்த்து மயங்க வேண்டாம்: மைலுக்குக் கட்டணம், ஜெனரேட்டர் மணிக்குக் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம், இன்ஷூரன்ஸ், டெபாசிட் எல்லாம் தனி. உங்கள் கார் இன்ஷூரன்ஸும் கிரெடிட் கார்டு பாதுகாப்பும் ஆர்.வி.யைச் சேர்க்காமல் இருப்பதே வழக்கம். இரண்டு இடத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வாங்க நினைக்கும் அதே வகை, அதே நீளம் எடுங்கள். மூன்று இரவாவது தங்குங்கள், ஒரு நாளாவது மழையில். அப்புறம் இவற்றை நீங்களே செய்யுங்கள், வேறு யாரையும் விடாதீர்கள்: பின்னால் எடுத்து இடத்தில் நிறுத்துவது, தண்ணீர்க் குழாய் பூட்டுவது, கழிவுத் தொட்டியை டம்ப் ஸ்டேஷனில் காலி செய்வது. கழிப்பறைத் தொட்டியின் வால்வை மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு திறக்க வேண்டும். திறந்தே விட்டால் நீர் மட்டும் ஓடி மற்றது தங்கி இறுகிவிடும். முதலில் அந்தத் தொட்டி, பிறகு குளியல் நீர்த் தொட்டி. அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். இந்த வேலை வீட்டில் யாருக்கும் ஒத்துவரவில்லை என்றால் கேபினே உங்களுக்குச் சரி.

மின்சாரத்தையும் சோதியுங்கள். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது ரைஸ் குக்கரும் மைக்ரோவேவும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். நம் சமையலுக்கு இது தினமும் வரும் விஷயம்.

8. வாங்கும்போது காகிதங்கள்

விற்பனை நிலையத்தில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" அதற்குப் பதில் சொல்லாதீர்கள். எல்லாம் சேர்த்து வெளியே எடுத்துப் போகும் விலை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஆவணக் கட்டணம், தயாரிப்புக் கட்டணம், போக்குவரத்து, நீட்டித்த சர்வீஸ் ஒப்பந்தம், துணிப் பாதுகாப்பு என்று கடைசிப் பக்கத்தில் வந்து உட்காரும். சர்வீஸ் ஒப்பந்தம் கட்டாயமில்லை. கடன் 15, 20 வருடம் வரை நீட்டித் தருவார்கள். வண்டியின் மதிப்பு கடனைவிட வேகமாக இறங்குவதால், நடுவில் விற்க நேர்ந்தால் கையிலிருந்து போட வேண்டி வரும். வேலை மாறி ஊர் மாற வாய்ப்புள்ளவர்கள், விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாக யோசியுங்கள். உங்கள் கிரெடிட் யூனியனில் முன்னனுமதி வாங்கிக்கொண்டு போனால் பேரம் பேச முடியும்.

கொண்டுபோக வேண்டியவை: ஓட்டுநர் உரிமம், முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு, கடன் என்றால் விசா ஆவணங்கள், இன்ஷூரன்ஸ் ஒப்புதல். ட்ரெய்லருக்கு ஒரு நுணுக்கம்: அது பிறர்மேல் மோதும் சேதத்துக்கு இழுக்கும் காரின் லயபிலிட்டி பொதுவாகப் பொருந்தும். ட்ரெய்லருக்கே ஏற்படும் சேதத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

தனியாரிடம் வாங்கினால், டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரில் இருக்கிறதா, அதில் உள்ள விஐஎன் எண் வண்டியின் எண்ணோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். என்ஐசிபி என்ற இன்ஷூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பின் தளத்தில் திருட்டு வண்டியா என்று இலவசமாகச் சோதிக்கலாம். கடன் பாக்கி இருந்தால் வங்கிக் கிளையிலேயே சந்தித்து, அடைத்ததற்கான லியன் ரிலீஸ் கையில் வந்த பிறகு பணம் கொடுங்கள். டைட்டில் தபாலில் வரும் என்ற பேச்சை ஏற்காதீர்கள். வேறு மாநிலத்தில் வாங்கினாலும் விற்பனை வரி உங்கள் மாநிலத்தில் பதியும்போது வரும். மான்டானாவில் ஒரு கம்பெனி தொடங்கிப் பதிந்தால் வரி இல்லை என்று சொல்வார்கள். வரி ஏய்ப்பென்று பல மாநிலங்கள் துரத்துகின்றன. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படுக்கை, சமையல், கழிப்பறை மூன்றும் உள்ள ஆர்.வி.யை வருமான வரிக்கு இரண்டாவது வீடாகக் கொண்டு கடன் வட்டியைக் கழிக்க வழி உண்டு. நிலையான கழிவை விட்டுவிட்டு ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு, அதாவது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். பலருக்குப் பயன்படாது, அதைக் காரணமாக வைத்து வாங்க வேண்டாம்.

9. எப்போது வாங்குவது, எப்படிச் சோதிப்பது

கோடை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் விலை இறங்கிவரும். ஆனால் குளிர் மாநிலங்களில் அப்போது வண்டிக் குழாய்களில் தண்ணீரை வடித்து, உறையாத இளஞ்சிவப்பு திரவம் நிரப்பியிருப்பார்கள். "குளிர்காலம், தண்ணீர் சோதிக்க முடியாது" என்பார்கள். அப்படியானால் வசந்தத்தில் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.

பழைய ஆர்.வி.யின் எதிரி மைல் இல்லை, ஈரம். கூரை ஓரச் சீலன்ட், ஜன்னல் மூலை, அலமாரிக்குள் கறை, காலால் அழுத்தினால் அமுங்கும் தரை, வெளிச்சுவரில் உப்பல் ஆகியவற்றைத் தேடுங்கள். டயரில் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். தேய்மானமே இல்லாவிட்டாலும் ஆறேழு வருடமான டயரை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். என்ஆர்விஐஏ என்ற ஆர்.வி. ஆய்வாளர் சங்கத்தின் சான்று பெற்ற ஆய்வாளர் ஒருவரை வரவழைத்தால் சில நூறு டாலர் ஆகும்; பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் அதைத் தவிர்க்காதீர்கள்.

புது வண்டி என்றாலும் இதே கண்டிப்பு தேவை. திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம், பல மாநிலங்களில் ஆர்.வி.யின் குடியிருப்புப் பகுதிக்குப் பொருந்தாது. ஒப்படைக்கும் நாளில் அவசரப்படுத்துவார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். தண்ணீர், வெந்நீர், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஏசி, ஹீட்டர், வெளியே நீளும் ஸ்லைட், ஒவ்வொரு ப்ளக் பாயிண்ட் எல்லாம் ஓடவிட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் ஆகும் என்பதால் முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் சரி செய்த பிறகே கையெழுத்து. கையெழுத்து போட்டு வண்டி வெளியேறிவிட்டால், கோடையில் வாரண்டி வேலைக்கு வாரக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். வேறு ஊரில் வாங்கிய வண்டியை உள்ளூர் டீலர் கடைசியில்தான் எடுப்பார். முதல் இரண்டு இரவை வாங்கிய இடத்துக்கு அரை மணி நேரத் தூரத்தில், ஹுக்கப் உள்ள கேம்ப்கிரவுண்டில் போடுங்கள். ஒழுகும் குழாயும் வேலை செய்யாத பம்பும் அந்த இரண்டு இரவிலேயே தெரிந்துவிடும், மறுநாள் காலையே திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தலாம்.